மூன்றாவது டப்பா

ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் சாந்தாமணியின் பேனா நின்றுவிட்டது. பேனாவைக் குறை சொல்ல முடியாது. சிஸ்டர் கொடுத்த மூடியில்லாத பேனாதான் என்றாலும் முந்தின எட்டுக் கேள்விக்கும் வழுக்கிக்கொண்டு போனது. நேருக்கு நேர் பேசும்போதும் காதில் விழாததுபோல் இருக்கிறார், என்று அச்சடித்திருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளையைப் போய் இருக்கிறார், போகிறார் என்று என்ன ஒரு மரியாதை. வீட்டில் யாரும் கனிஷ்காவை அப்படிச் சொன்னதில்லை, பள்ளிக்கூடத்தில் சொன்னதெல்லாம் நாலு பேர் நடுவில் சொல்லக்கூடியதும் இல்லை. கேள்விக்கு எதிரே நாலு கட்டம். ஒருபோதும் இல்லை, சில நேரங்களில், அடிக்கடி, மிக அடிக்கடி. அடிக்கடிக்கும் மிக அடிக்கடிக்கும் நடுவில் எத்தனை தடவை கிடக்கிறது என்று இதை எழுதினவரைத்தான் கேட்க வேண்டும். முந்தின எட்டுக்கும் சாந்தாமணி யோசிக்கவே இல்லை, கை தானாக இரண்டாவது கட்டத்துக்குப் போய்ப் போய் நின்றது. சில நேரங்களில், சில நேரங்களில், சில நேரங்களில். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்தப் பிள்ளைதான் சில நேரங்களில் பென்சிலைத் தொலைக்கவில்லை, எந்தப் பிள்ளைதான் சில நேரங்களில் நாற்காலியை விட்டு எழுந்து ஓடவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரிக் கூடத்தில், இதே இரும்புச் சட்டத்தில் வரிசையாக மாட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, இதே படிவத்தைக் கண்ணீரோடு நிரப்பியபோது கை கடைசிக் கட்டத்திலேயே ஓடியது. அன்றைக்கு டாக்டரம்மா ஜெசிந்தா நிதானமாகச் சொன்னார். மூணு மாசம் இங்க பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க, ரத்தத்துல இரும்புச்சத்து கொறச்சலா இருக்கு, அதுக்கு மருந்து தர்றேன், அது அந்தக் கொறைக்கு மட்டும்தான். மூணு மாசம் கழிச்சு நீங்க ஒரு படிவம், கிளாஸ் டீச்சர் ஒரு படிவம். ரெண்டுலயும் கொறஞ்சிருந்தா இப்படியே போகலாம். இல்லைன்னா மாத்திரை ஆரம்பிக்கலாம். இன்றைக்குத்தான் அந்த மூணு மாசம். இந்தத் தாளிலும் டீச்சர் தாளிலும் எந்தக் கட்டத்தில் குறி விழுகிறதோ அதை வைத்துத்தான் கனிக்கு மாத்திரையா இல்லையா என்பது. சாந்தாமணிக்கு மாத்திரை வேண்டாம். வேண்டவே வேண்டாம். அதற்காகத்தான் கை இரண்டாவது கட்டத்தைப் பழகி வைத்திருந்தது, ஒன்பதாவதில் மட்டும் என்னவோ மாடு மாதிரி மிரண்டு நின்றுவிட்டது.

அரை நாள்தான் லீவு. பன்னிரண்டரைக்குள் பனியன் கம்பெனிக்குப் போய்விட வேண்டும், ஷிப்மென்ட் வாரம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கனி பயிற்சி டீச்சரோடு பாசி கோர்த்துக்கொண்டிருக்கிறாள், சிவப்பு ஒன்று மஞ்சள் இரண்டு, சிவப்பு ஒன்று மஞ்சள் இரண்டு. இங்கிருந்து முதுகும் ரெட்டை ஜடையும் மட்டும் தெரிகிறது. ஜடை ஆடுகிறது. ஆடாமல் ஒரு நிமிஷம் இரு கண்ணு, ஒரே ஒரு நிமிஷம். முன்னைக்கு இப்போது ஆட்டம் குறைவு இல்லையா? குறைவுதான். குறைவுதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த நேரத்துக்குப் பாசி கூடம் முழுக்க உருண்டிருக்கும், அதைப் பொறுக்க மூன்று சிஸ்டர் குனிந்திருப்பார்கள். இன்னும் உருளவில்லை. பாலில் கலக்கிக் கொடுக்கிற பவுடர் வேலை செய்கிறது. பச்சை மூடி போட்ட டப்பா, மேலே கண்ணாடி மாட்டி பட்டமளிப்புத் தொப்பி வைத்த ஒரு குழந்தை, அதன் தலைக்கு மேலே ஒரு பல்பு. வல்லாரை, பாதாம், மீன் எண்ணெய்ச் சத்து, துத்தநாகம், இன்னும் வாயில் நுழையாத பதினாலு சங்கதி. பனியனுக்குள் தைக்கிற வாஷ்கேர் லேபிளில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துப் படித்துத் தேறிய கண் அவளுக்கு, டப்பாவின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்தபோது பாதி புரியவில்லை, புரியாததாலேயே நம்பிக்கை கூடிப்போனது. பக்கத்து மேசை லோகநாயகி அக்காதான் அதை முதலில் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையிலிருந்து எடுத்தது. லோகு அக்கா யாரையும் ஏமாற்றுகிறவள் இல்லை, அவளே காலையும் மாலையும் ஒரு கரண்டி குடிக்கிறாள், மூட்டுவலிக்கு. "மாத்தர கீத்தரன்னு போயிப்போடாத சாந்தா. அது புள்ளய மந்தமாக்கிப் போடும். இது சாப்பாடு மாதிரி. சாப்பாடு யாரயாச்சும் கெடுக்குமா? மூணு டப்பா. மூணாவது டப்பா அடி தெரியறதுக்குள்ள உன்ர புள்ள அசையாம பொட்டாட்ட உக்காந்து படிக்கும், பாரு." சாப்பாடு மாதிரி. அந்த வார்த்தையில்தான் சாந்தாமணி விழுந்தாள். மாத்திரை என்றால் டாக்டர் எழுதுவார், கடைக்காரன் கொடுப்பான், பிள்ளை முழுங்கும், நடுவில் அம்மாவுக்கு என்ன வேலை? இது அப்படி இல்லை. பாலைக் காய்ச்ச வேண்டும், ஆற்ற வேண்டும், கட்டி விழாமல் கலக்க வேண்டும், நுரையை ஊதி வாயில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். பெற்றவள் கையால் பிள்ளை தேறியது என்று ஆகும். கலக்கும்போது வாய்க்குள் மாகாளியம்மனைக் கூப்பிட்டுக்கொள்வாள், அதை லோகு அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. கனி முதல் வாய் குடித்துவிட்டு, அம்மா இது சுண்ணாம்புப் பால், சுவத்துக்கு அடிக்கறது, என்றாள். கடைசி வாய் எப்போதும் டம்ளரின் அடியில் மிஞ்சும். அதைச் சாந்தாமணி குடித்துவிடுவாள். சுண்ணாம்புதான், அடியில் லேசான மீன் கவிச்சி வேறு. குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தன் தலைக்குள் ஏதாவது தெளிகிறதா என்று பார்ப்பாள்.

தெளிந்ததோ இல்லையோ, பார்த்தது நிறைய. முதல் டப்பா பாதியில் கனி ஒரு நாள் பல் தேய்க்கப் போய்ப் பல்லையே தேய்த்துவிட்டு வந்தாள். நடுவில் குழாய்த் தண்ணீரில் கோலி விளையாடவில்லை, பேஸ்ட்டால் கண்ணாடியில் மீசை வரையவில்லை. இரண்டாவது டப்பாவில் கிளி. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவள் புருஷன் மயில்சாமி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான், கனி கூடத்தில் கவிழ்ந்து படுத்து வண்ணப் புத்தகத்தில் ஒரு கிளிக்குப் பச்சை அடித்தாள். முழுக் கிளிக்கும். சாந்தாமணி அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு மூச்சு விடாமல் நின்றாள். மூச்சு விட்டால் எழுந்துவிடுவாளோ என்று. தலை, கழுத்து, சிறகு, மூக்குக்குச் சிவப்பு. முழுக் கிளி. அதைப் போனில் படம் எடுத்து மயில்சாமியிடம் காட்டியபோது, அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "பாத்தியா, நாஞ் சொல்லல? எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல. கிறுக்குக்குக் குடுக்கற மாத்திரயெல்லாம் எம்புள்ளைக்கு எதுக்கு?" டாக்டரம்மா அது கிறுக்குக்குக் கொடுக்கிறது இல்லை என்று அவனிடமே சொல்லியிருக்கிறார், எத்தனை பிள்ளைகள் அதைச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகப் படிக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார், பசி கொஞ்சம் குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், பார்த்துப் பார்த்து அளவு வைக்கலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். மயில்சாமி அத்தனைக்கும் தலையாட்டினான். வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினதும் ஆட்டின தலையைத் திருப்பிக்கொண்டான். அவனைச் சொல்லி என்ன, சாந்தாமணிக்கும் பயம்தான். மாத்திரை போட்டால் கனி வாயை மூடிக்கொள்வாளோ என்று. காலையில் எழுந்ததிலிருந்து ஓயாமல் பேசுகிற வாய். அம்மா எறும்புக்கு முழங்கால் இருக்குதா, அம்மா நேத்து வந்த கொசுதான் இன்னிக்கும் வந்திருக்குதா, அம்மா நீ செத்துப்போனா உன்ர ஐடி கார்ட நா மாட்டிக்கட்டுமா. தலைவலி வந்துவிடும். காது வலிக்கும். பேசாம இருடி என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறாள். ஒரு நாள் நிஜமாகவே பேசாமல் இருந்துவிட்டால்? சாந்தாமணிக்கு வேண்டியது அந்த அமைதி இல்லை. வேறே ஒன்று வேண்டும், அதற்குப் பேர் வைக்கத் தெரியவில்லை. இவள் பேசுகிற இத்தனைக்கு நடுவில் அம்மா பேசுகிற ஒன்றை, ஒரே ஒன்றை, முதலிலிருந்து முடிவு வரைக்கும் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். ஒன்றும் பெரிசாகக் கேட்கவில்லை.

கனி பிறந்த கதை ஒன்று இருக்கிறது. எல்லா அம்மாக்களிடமும் இருப்பதுதான். அன்றைக்கும் ஷிப்மென்ட். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று வேலைக்குப் போனவளுக்குச் செக்கிங் மேசையிலேயே இடுப்பு வலி எடுத்துவிட்டது, ஆட்டோ கிடைக்கவில்லை, கிளம்ப நின்ற கம்பெனி வேனில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அவளைப் படுக்க வைத்து மயில்சாமியே ஓட்டினான். பெட்டியெல்லாம் குழந்தை உடுப்பு, வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகிறது. வழியில் மழை. இந்த இடம் வரைக்கும் கனி பலமுறை கேட்டிருக்கிறாள். வேன் என்றதும், என்ன கலர் வேன்? மழை என்றதும், வைப்பர் ஓடுச்சா? ஓடுச்சு கண்ணு. எப்படி ஓடுச்சு? கையை வைப்பர் மாதிரி ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். கதை மழையில் நிற்கும். ஒன்பது வருஷமாக அந்த வேன் மழையிலேயே நின்றுகொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்கப்புறம்தான் முக்கியமானது இருக்கிறது. பிள்ளையைக் கையில் கொடுத்தபோது சாந்தாமணி என்ன நினைத்தாள், மயில்சாமி ஏன் சுவரைப் பார்த்து நின்று அழுதான், ஈரமான அந்தச் சின்னக் காதில் அவள் முதல் வார்த்தையாக என்ன சொன்னாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. கனியிடம் சொல்வதற்கென்றே வைத்திருக்கிறாள். வேறு யாரிடமாவது சொல்லிவிட்டால் கரைந்துவிடும் என்று ஒரு எண்ணம். கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நினைத்துக்கொள்வாள். பஸ்ஸில் நினைத்துக்கொள்வாள். மடியில் ஒரு தலை கனமாகக் கிடக்க, ரெண்டு கண்ணும் தன் முகத்தில் நிற்க, அப்பறம்மா, என்று ஒரு குரல். அந்த அப்பறம்மாவுக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கலக்கிக் கொடுப்பாள். மூன்று டப்பா என்ன, முப்பது டப்பா கலக்குவாள்.

டீச்சர் கொடுத்த படிவம் கைப்பையில் இருக்கிறது. ஸ்டெல்லா மிஸ் கவரில் போட்டு நாலு பக்கமும் பின் அடித்துத்தான் கொடுத்தார், கேட்டதற்கு, "டாக்டர்கிட்டயே குடுத்துருங்கம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல். பிரிக்கக் கூடாது. பிரிக்க வேண்டியதும் இல்லை. செக்கிங்கில் பதினோரு வருஷம் இருக்கிறவளுக்கு ஒரு கவர் எம்மாத்திரம்? துணியை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஊசி போன ஓட்டைகூடத் தெரியும், கறை தெரியும், தையல் விட்ட இடம் தெரியும், தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள், பீஸ் சரிசெய்யப் போகும். சரிசெய்து திரும்பி வந்ததை ஒட்டினவளே பார்க்கக் கூடாது, பக்கத்து மேசைக்காரிதான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஃப்ளோரில் ஒரு வழக்கம். சேர்ந்த புதிதில் சாந்தாமணிக்கு இது அவமானமாகக்கூட இருந்தது, என் கண்ணை நம்ப மாட்டீர்களா என்று. சூப்பர்வைசர் நாச்சிமுத்து அண்ணன்தான் சொன்னார். "ஒன்ர கண்ண நம்பறம்மா. ஆனா ஒட்டுனவ கண்ணு ஒட்டுன எடத்துலயே நிக்கும். ஒண்ணு, அடைச்ச ஓட்டைய இன்னும் தொறந்து கெடக்குதும்பா. இல்லாட்டி, தொறந்து கெடக்கறத அடைஞ்சுபோச்சும்பா. வேணும்னா பண்றா? மனசு பண்ணுது." இப்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கவரைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. உள்ளே மடித்த தாள், மடிப்புக்கு மேலே பாதி, கீழே பாதி, நீல மையில் குறிகள். எழுத்து தெரியவில்லை, கட்டம் தெரிந்தது. எல்லாம் வலது ஓரத்தில். ஒன்றின் கீழ் ஒன்று, ஓவர்லாக் தையல் மாதிரி நேராக, கடைசிக் கட்டத்திலேயே இறங்கிப் போயிருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா மேசையில் விரித்துக் காட்டிய அதே வரிசை. ஒரு குறிகூட இடது பக்கம் நகரவில்லை. கவரை மறுபடி பைக்குள் வைத்தாள். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு நாற்பத்தாறு பிள்ளைகள், கனியை மட்டும் எங்கே பார்த்திருக்கப் போகிறார், பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார். ஆமாம், அப்படித்தான் இருக்கும். ஆனால் ஸ்டெல்லா மிஸ்தான் போன மாதம் கனிக்கு முதல் பெஞ்சில் தன் மேசைக்குப் பக்கத்திலேயே இடம் போட்டார். அவர் பவுடர் கலக்கவில்லை. அவருக்கு அதில் எந்தக் கனவும் இல்லை. இதை யோசித்ததும் சாந்தாமணி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

கண்ணாடிக் கதவு திறந்து கனி வந்தாள். வந்தாள் என்பது பேச்சுக்கு, கதவு திறந்ததும் எடை மெஷின் மேல் நின்றாள், நடுவில் இருந்த தூரத்தை எப்போது தாண்டினாள் என்று தெரியவில்லை. "அம்மா, நா இருவத்தொண்ணு! குதிச்சா முப்பது! அம்மா, நா முப்பது கிலோ!" குதித்தாள். முள் ஆடியது. மறுபடி குதித்தாள். கூடத்தில் ஏழெட்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள், சுவரில் பெயின்ட் உரிந்த யானை. சாந்தாமணி ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தாள். சரி, இப்பவே பார்த்துவிடலாமே. கத்தக் கூடாது. மயில்சாமி கூப்பிடுகிற மாதிரி ஏய் என்று கூடாது. காது கேட்கிற பிள்ளையை அம்மாக்கள் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. "கனி," என்றாள். சாதாரணமாக. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா திரும்பினார். எதிரே ஒரு அப்பா திரும்பினார். ஊசி போட வந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. கனி குதித்தாள். "கனி கண்ணு." சீட்டு எழுதுகிற சிஸ்டர் நிமிர்ந்தார். "கனிம்மா, இங்க பாரு சாமி." குதித்தாள். நாலாவது தடவை, "கனிஷ்கா," அப்போது கனி திரும்பினாள். திரும்பினாளே! முன்பு ஆறு ஏழு தடவை ஆகும், இப்போது நாலு. ஆனால் அவள் திரும்பினது அம்மா பக்கம்தானா? அம்மாவுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்திருக்கிறது. புறா எப்போது வந்தது? கூப்பிட்டதற்கு முன்னாலா, கூப்பிட்ட பிறகா? கனியின் கண் எங்கே இருக்கிறது, தன் முகத்திலா, ஒரு விரற்கடை மேலேயா? ஒரு விரற்கடைதானே. ஒரு விரற்கடையைக் கணக்குப் பார்க்கிறவள் அம்மாவா? முள் மறுபடி ஆடியது, கனி மறுபடி குனிந்துவிட்டாள். சில நேரங்களில், என்று சாந்தாமணி பேனாவை இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டு போனாள், குறி இன்னும் போடவில்லை.

"உங்க பாப்பாங்களா?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. சின்னப் பெண், இருபத்தைந்துகூட இருக்காது, தோளில் ஒரு பெண் குழந்தை களைத்துத் தூங்குகிறது, தூக்கத்திலும் ஒரு கால் உதைத்துக்கொண்டே இருந்தது. பேர் மோகனாவாம், பல்லடத்திலிருந்து முதல் தடவையாக வருகிறாளாம். "எம்புள்ளைக்கு அஞ்சு முடியலீங்க. பால்வாடில வெச்சுக்க மாட்டேங்கறாங்க. டாக்டரு என்ன சொல்லுவாங்களோன்னு பயமா இருக்குதுங்க்கா. எங்க நாத்தனாரு, ஆசுபத்திரிக்கே போவாத, ஒரு பவுடரு இருக்குதுன்னு இத வாட்சப்புல அனுப்பிச்சாங்க. ஒரு அம்மா பேசிருக்காங்க. கேட்டா அழுவாச்சி வந்துருமுங்க. நீங்களும் கேளுங்க." போனைச் சாந்தாமணியின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரு பொம்பளை பேசினாள். வணக்கமுங்க, நா திருப்பூர்லருந்து பேசறேனுங்க, என்ர பொண்ணு நாலாவது படிக்கறா, முன்னயெல்லாம் ஒரு எடத்துல உக்கார மாட்டாளுங்க. குரல் கொஞ்சம் மூக்கால் வந்தது, கூச்சம் இருந்தது, போகப் போகக் கூச்சம் போய்விட்டது. ரெண்டாவது டப்பாலயே ஒரு கிளிக்கு முழுசா கலர் அடிச்சாளுங்க. இப்ப ராத்திரியான என்ர மடில தல வெச்சுப் படுத்துட்டு, அவ பொறந்த கதய முழுசா கேக்கறாளுங்க. அப்பறம்மா, அப்பறம்மான்னு கேக்கறா. சாமி சத்தியமா சொல்றனுங்க, என்ர புள்ள எனக்குத் திரும்பக் கெடச்சுட்டா. சாந்தாமணி காதைப் போனோடு ஒட்டிக்கொண்டாள். யாரோ மகராசி, கொடுத்து வைத்தவள். அவள் பிள்ளை முழுக் கதையும் கேட்கிறதாம், அப்பறம்மா என்கிறதாம். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை, நெஞ்சுக்குள் எரிந்தது, இத்தனைக்கும் அதே பவுடர்தான், தான் என்ன குறை வைத்துக் கலக்கினோம் என்று. அப்போது அந்தக் குரலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடிச் சத்தமும், நல்லாச் சொல்லு சாந்தா, என்று லோகு அக்காவின் கரகரப்பும் கேட்டது.

போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுகிற இடத்தில் வைத்து லோகு அக்கா போனை நீட்டினாள், சும்மா ரெண்டு வார்த்த பேசு, நாலு பேருக்கு உபகாரம். ரெண்டு வார்த்தைதான் பேச நினைத்தாள். கிளியைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போகும்போது அடுத்தது தானாக வந்துவிட்டது, மடி வந்தது, தலை வந்தது, அப்பறம்மா வந்தது. பேசி முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது, அன்று சாயந்திரம் வரைக்கும் மனசு நிறைந்து கிடந்தது, நடந்த மாதிரியே. வீட்டுக்குப் போனபோது கனி அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். இப்போது கிளியும் வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. தலை, கழுத்து, சிறகு வரைக்கும்தான் கனி. வாலுக்கு வரும்போது வெளியே மயில்சாமி வேனில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டு பென்சிலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். வால் வெள்ளையாகக் கிடந்தது. சாந்தாமணி கரண்டியைக் கீழே வைத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து வாலுக்குப் பச்சை அடித்தாள். கனி அடிக்கிற மாதிரியே கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி அடித்தாள். பிறகுதான் போட்டோ எடுத்தாள். எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள். அவ்வளவு நன்றாகச் செய்த கையை நினைத்து அவளுக்கு இப்போது உடம்பெல்லாம் கூசியது. மயில்சாமி அந்த வாலைப் பார்த்துத்தான் எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல என்றான். பல்லடத்தில் எங்கோ ஒரு நாத்தனார் அதைக் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றாள். அப்படியும் இந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், வந்த இடத்திலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று.

"நல்லாருக்குதுங்கள்ல?" என்றாள் மோகனா. "எனக்கும் அதேதானுங்க்கா ஆச. ஒரு நா, ஒரே ஒரு நா, என்ர மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்துச்சுன்னாப் போதும். டாக்டரப் பாக்காம அப்படியே போயி அந்த டப்பாவ வாங்கிரலாமான்னு இருக்குதுங்க." தூங்குகிற குழந்தையின் காலைக் கையால் பிடித்தாள், கால் கைக்குள்ளேயும் உதைத்தது.

சாந்தாமணி ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கனியின் பேரைக் கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடலாம், இந்தப் பெண்ணை இனி எங்கே பார்க்கப் போகிறாள். சொன்னால் லோகு அக்காவின் காதுக்குப் போகுமோ என்று ஒரு நினைப்பு, சொன்னால் தனக்கே அது செத்துவிடுமே என்று இன்னொன்று, இரண்டாவதுதான் பெரிசாக இருந்தது. அந்தப் போனுக்குள்ளாவது ஒரு கனி மடியில் படுத்துக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதையும் கையைப் பிடித்து எழுப்பிவிட வேண்டுமா?

"அது நாந்தானுங்க," என்றாள்.

"எதுங்க?"

"அதுல பேசறது. நாந்தான்."

மோகனா அவளைப் பார்த்தாள், எடை மெஷினில் குதிக்கிற கனியைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். முதலில் அந்த முகம் மலர்ந்தது, அதைத்தான் சாந்தாமணியால் தாங்க முடியவில்லை. "அய்யோ, நீங்களாங்க்கா? சாமி கொண்டாந்து விட்ட மாதிரி இருக்குது. அப்ப நெசமாலுமே கொணந் தெரிஞ்சுதுங்களா?"

"இல்ல கண்ணு. மூணாவது டப்பா முடியப் போவுது. ஒண்ணியும் தெரியல. அவ ஒரு நாளும் முழுக் கத கேட்டதில்ல. நீ உள்ள போயி டாக்டரம்மாவப் பாரு. நாத்தனாரு என்ன சொன்னாலும் பாக்காமப் போயிராத."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. கோபம் வரட்டும், திட்டட்டும் என்று சாந்தாமணி காத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. குழந்தையின் காலைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டு, மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

"அப்பறம் ஏங்க்கா சத்தியமெல்லாம் பண்ணிப் பேசுனீங்க?"

"அவ அப்படி என்ர மடில படுத்துக் கேக்கோணும்னு எனக்கு அத்தன ஆச கண்ணு," என்றாள் சாந்தாமணி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை மடியில் நேராக வைத்து, முந்தின எட்டுக் குறிகளையும் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து அடித்தாள். பிறகு முதல் கேள்விக்குத் திரும்பிப் போய், கடைசிக் கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள்.